வாசகர் கேள்வி பதில்: வெறுங்கையோடு கப்பல் ஏறியவர்கள்

போன இதழில் ஹெயிட்டி நாடு பிறந்த கதையைச் சுருக்கமாக எழுதியிருந்தேன். பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆபிரிக்கர்கள் 1791 இல் கிளர்ந்தெழுந்து, 1804 ஜனவரி 1 ஆம் திகதி தனி நாட்டையே பிரகடனம் செய்த வரலாறு அது. அதைப் படித்துவிட்டு வன்னியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. கேட்டவை வேறு வேறாக இருந்தாலும் அடியில் ஒரே விசயம்தான்: அந்த மக்கள் தங்கள் பண்பாட்டை எப்படி விடாமல் வைத்திருந்தார்கள்? அதனால் பயிர்நோய், பல்கலைக்கழக அனுமதி, காணி உறுதி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்முறைப் பக்கங்களை முழுதாக இதற்கே தருகிறேன்.

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் வரலாறு படிக்கிறேன். அடிமைகள் சங்கிலியோடு, உடுதுணிகூட இல்லாமல்தான் கப்பலில் ஏற்றப்பட்டார்களாம். பெயரை மாற்றி, குடும்பத்தைப் பிரித்து விற்றார்களாம். பிறகு எதை வைத்துப் பண்பாட்டைக் காப்பாற்றுவது? ஒன்றுமே மிஞ்சவில்லை என்றுதானே நினைக்கத் தோன்றுகிறது? (மாணவர், முள்ளியவளை)

பதில்: தம்பி, ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே அப்படித்தான் சொன்னார்கள். அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் பிராங்க்ளின் பிரேசியர், அடிமை வாழ்க்கை ஆபிரிக்காவை அவர்களுடைய நினைவிலிருந்து ஏறக்குறைய துடைத்துவிட்டது என்று வாதாடினார். மானிடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் 1941 இல் ஒரு நூல் எழுதி அதை மறுத்தார். பேச்சு, வழிபாடு, சாவீட்டு முறை, உடல் அசைவு எல்லாவற்றிலும் ஆபிரிக்கா இருக்கிறது என்பது அவர் கட்சி. எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு புதிதாக உருவானது என்ற வாதம் இன்றும் நடக்கிறது, ஆனால் ஒன்றுமே மிஞ்சவில்லை என்ற பேச்சு இப்போது எடுபடாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆபிரிக்கக் கரையில் கப்பல் ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடி 25 இலட்சம் பேர், அமெரிக்கக் கண்டங்களின் கரையில் உயிரோடு இறங்கியவர்கள் ஏறத்தாழ 1 கோடி 7 இலட்சம். மிச்சப் பேர் கடலோடு போனார்கள். இறங்கியவர்களில் 48 இலட்சம் பேருக்கு மேல் பிரேசிலுக்கு. இன்றைய ஐக்கிய அமெரிக்காவுக்கு நேரடியாக வந்தவர்கள் 4 இலட்சத்துக்கும் குறைவு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆபிரிக்காவிலிருந்து புதுப்புது ஆட்கள் தொடர்ந்து வந்துகொண்டேயிருந்த இடத்தில் மொழியும் தெய்வமும் ஒவ்வொரு கப்பலோடும் புதுப்பிக்கப்பட்டன. பிரேசிலிலும் கியூபாவிலும் நைஜீரியப் பக்கத்து யோருபா மக்களின் வழிபாடு அவ்வளவு பச்சையாக நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அப்புறம், வெறுங்கை என்கிறீர்களே, அந்தக் கைக்கு வேலை தெரியுமே. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்க் குடியேறிய ஆங்கிலேயருக்கு நெல் விளைவிக்கத் தெரியாது. செனகல், காம்பியா தொடங்கி சியரா லியோன் வரைக்குமான மேற்கு ஆபிரிக்கக் கரையிலோ பல நூற்றாண்டுகளாக நெல் விளைந்துவந்தது. வரம்பு கட்டவும், கடல் ஏறி இறங்கும் சதுப்பில் உப்புநீரை மறித்து நன்னீரை விடவும் தெரிந்த மக்கள் அங்கே இருந்தார்கள். சார்ள்ஸ்டன் துறைமுகத்து வியாபாரிகள் ‘நெல்லுக் கரையிலிருந்து வந்தவர்கள்’ என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டு ஆட்களை விற்றார்கள். கரோலினாவின் நெல் விவசாயத்துக்கு முழு அறிவும் ஆபிரிக்காவிலிருந்தே வந்ததா, தோட்டக்காரரின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் விதைநெல்லைக் குதிக்காலால் மண்ணில் அழுத்திப் பாதத்தால் மூடிப் போகும் முறையும், உரலில் போட்டு உலக்கையால் குற்றும் முறையும் இரண்டு கரையிலும் ஒன்றாகவே இருந்தன.

குற்றிய நெல்லைப் புடைக்க ஒரு தட்டையான பெரிய கூடை செய்தார்கள். நம் வீட்டுச் சுளகு செய்கிற அதே வேலை, ஆனால் வட்டமாக இருக்கும். கோரைப் புல்லைக் கயிறு போலத் திரட்டி, நடுவிலிருந்து சுருள் சுருளாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்றுத் தைத்துக்கொண்டே போவார்கள். தைக்கிற நார் பனை இனத்தைச் சேர்ந்த ஒரு குட்டை மரத்தின் ஓலையிலிருந்து கிழித்தது. துளையிட எலும்புத் துண்டு, அல்லது தேய்த்துக் கூராக்கிய கரண்டிப் பிடி. நெல்வயல்கள் அழிந்து நூறு வருசத்துக்கு மேலாகிவிட்டது, கூடை அழியவில்லை. சார்ள்ஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள மவுண்ட் பிளசன்ட் பகுதியில் தெருவோரத்தில் பெண்கள் இன்றும் இருந்து இதைப் பின்னி விற்கிறார்கள், தாயிடமிருந்து மகளுக்கு வந்த வேலை. வாசமுள்ள ஒருவகைப் புல்லை இப்போது சேர்க்கிறார்கள், பைன் மர ஊசியிலையும் சேர்க்கிறார்கள், பூக்கூடை, பாண்கூடை என்று வாங்குபவர் கேட்கிற வடிவமெல்லாம் வருகிறது. சுருளும் தையலும் மாறவில்லை. பனையோலையில் பெட்டி, கடகம் இழைக்கிற எங்கள் அம்மாமார் அதைக் கையில் வாங்கினால் முதலில் தையலைத்தான் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஏன் அந்தக் கரையில் மட்டும் இவ்வளவு மிஞ்சியது? சதுப்பில் மலேரியா. வெள்ளைக்காரத் தோட்டக்காரர் குடும்பங்கள் வெயில் காலம் முழுக்கப் பட்டணத்துக்கு ஓடிவிடும். சனத்தொகையில் கறுப்பினத்தவரே அதிகம். அதோடு அங்கே ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை என்று அளந்து கொடுக்கும் முறை இருந்தது. கொடுத்த அளவை முடித்தவர்களுக்குப் பொழுது படுமுன் சொந்தமாகக் கொஞ்ச நேரம் கிடைத்தது, அந்த நேரத்தில்தான் தங்கள் தோட்டத்தைக் கொத்தினார்கள், கூடை பின்னினார்கள், பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். காவல் குறைந்த இடமும் கொஞ்ச நேரமும் சேர்ந்து கிடைத்த இடத்திலெல்லாம் பண்பாடு பிழைத்திருக்கிறது என்பதை நீங்கள் மற்ற நாடுகளிலும் பார்க்கலாம்.

கேள்வி: கௌபி ஆபிரிக்காவிலிருந்து வந்தது என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னார். நாங்கள் கௌபி, எள்ளு, கச்சான் எல்லாம் போடுகிறோம். இவையெல்லாம் அடிமைகளோடும் போனதா? (பெண் விவசாயி, ஒட்டுசுட்டான்)

பதில்: அக்கா, உங்கள் காணியிலுள்ள மூன்றுக்கும் மூன்று கதை.

கௌபி ஆபிரிக்காவில் பயிராக்கப்பட்டதுதான். அடிமைக் கப்பல்களில் அதுவும் ஓர் உணவாக ஏற்றப்பட்டது. கப்பல் முதலாளி அதை ஏற்றியது இரக்கத்தால் இல்லை, சரக்கு சாகக்கூடாது என்ற கணக்கால். மிஞ்சியது குடிசைக்குப் பின்னாலிருந்த சின்னத் தோட்டங்களில் முளைத்தது. தென் கரோலினாவிலும் சுற்றுவட்டாரத்திலும் கௌபியும் அரிசியும் சேர்த்து ஆக்கும் சோறு புதுவருசத்து உணவாகவே ஆகிவிட்டது, இன்று வெள்ளையர் வீட்டிலும் அதுதான். எள்ளு நமது துணைக்கண்டத்தில் பயிராக்கப்பட்டு ஆபிரிக்காவுக்குப் போய், அங்கிருந்து அடிமைகளோடு கரோலினாவுக்குப் போனது. கச்சான் இதற்கு நேர்மாறு: அது தென் அமெரிக்கப் பயிர். போர்த்துக்கேயர் அதை ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், ஆபிரிக்கர்கள் அதைத் தங்கள் பயிராகவே ஆக்கிக்கொண்டார்கள், பிறகு வட அமெரிக்காவில் அதை நட்டுப் பரப்பியவர்களும் அவர்களே. அமெரிக்காவின் தெற்கில் கச்சானுக்கு வழங்கும் நாட்டுப்பெயர் ‘கூபர்’. அது கொங்கோ மக்களின் ‘ங்குபா’விலிருந்து வந்தது.

பிரேசிலின் சல்வடோர் நகரில் ஓர் உணவு உண்டு, பெயர் ‘அக்கராஜே’. கௌபியை ஊறப்போட்டு, தோலைக் கழுவி எடுத்து, அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து, மா நன்றாகப் பொங்கும்வரை அகப்பையால் அடித்து, செம்பனை எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள். பிறகு பிளந்து, இறாலும் காரக் குழம்பும் வைப்பார்கள். நைஜீரியாவில் யோருபா மக்கள் இன்றும் காலையில் இதையேதான் பொரிக்கிறார்கள். சல்வடோரில் வெள்ளை உடுப்பும் தலைப்பாகையும் கட்டிய பெண்கள் தெருமுனையில் இருந்து விற்பார்கள். இது வெறும் பலகார வியாபாரம் என்று நினைக்கவேண்டாம். புயலுக்கும் காற்றுக்கும் உரிய இயான்சா என்ற தெய்வத்துக்குப் படைக்கும் உணவு இது. அடிமைக்காலத்தில் இப்படித் தெருவில் விற்கப்போன பெண்கள் எசமானுக்குக் கட்டவேண்டியதைக் கட்டி, மிச்சத்தைச் சேர்த்து, தங்கள் விடுதலையையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். சிலர் பிள்ளைகளின் விடுதலையையும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சூரினாம் நாட்டில் தோட்டங்களிலிருந்து காட்டுக்குள் தப்பியோடித் தனிக் குடியிருப்புகள் அமைத்த சமூகங்கள் உண்டு, அவர்களில் சரமாக்கா மக்கள் 1762 இல் ஒல்லாந்தரோடு சமாதான உடன்படிக்கையே செய்தார்கள். அவர்களுடைய பெண்கள் தங்கள் பாட்டிமார் ஓடிவரும்போது தலைமயிருக்குள் நெல்லை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறார்கள். அந்தப் பாட்டிமாரின் பெயரையே நெல் இனங்களுக்கு வைத்து இன்றும் விதைக்கிறார்கள்.

கேள்வி: நான் பறை பழக்குகிறவன். அமெரிக்காவில் அடிமைகள் மேளம் அடிக்கவே தடை போட்டார்களாமே, உண்மையா? மேளமில்லாமல் எப்படி அந்தத் தாளம் மிஞ்சியது? (கலைஞர், கிளிநொச்சி)

பதில்: உண்மைதான் அண்ணை. 1739 செப்டெம்பர் 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் ஆயுதங்களைக் கைப்பற்றி, ஸ்பானியரின் கையிலிருந்த புளோரிடாவை நோக்கி நடந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் விடுதலை. மேளம் அடித்துக்கொண்டு போனார்கள், சத்தம் கேட்டு வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அடுத்த வருசமே, 1740 இல், மேளம், கொம்பு, பெருஞ்சத்தம் எழுப்பும் எந்தக் கருவியும் அடிமைகள் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. மேளம் செய்தி சொல்லும் என்பது ஆள்பவர்களுக்கு விளங்கிவிட்டது.

மேளத்தைப் பறித்ததும் உடம்பை மேளமாக்கினார்கள். தொடை, மார்பு, கன்னம், உள்ளங்கை, தரையில் குதிக்கால், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஓசை. ஒருவர் இரண்டு மூன்று தாளத்தை ஒரே நேரத்தில் ஓட்டுவார். ‘ஜூபா’ என்று அதற்குப் பெயர், மேளம் இல்லாத இடத்தில் ஆடுகிறவர்களுக்கு அதுதான் வாத்தியம். நீங்கள் பறை பழக்கும்போது பிள்ளைகளுக்கு முதலில் கையால் தட்டிச் சொற்கட்டுச் சொல்லிக் கொடுப்பீர்கள்தானே, தாளம் தோலில் இல்லாமல் ஆளுக்குள் இருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. நியூ ஓர்லியன்ஸ் நகரம் பிரெஞ்சுக்காரரிடமும் ஸ்பானியரிடமும் இருந்தபோது ஞாயிறு ஓய்வுநாள். அடிமைகள் சந்தை வைத்தார்கள், ஆடினார்கள், மேளமும் அடித்தார்கள். 1817 இல் நகரசபை அந்தக் கூட்டங்களை ஒரே இடத்துக்குள் அடக்கியது, அந்த இடம்தான் கொங்கோ சதுக்கம். 1819 இல் அங்கே போன கட்டடக்கலைஞர் பெஞ்சமின் லட்ரோப் தான் பார்த்த மேளங்களையும் சுரைக்குடுக்கையில் செய்த ஒரு தந்தி வாத்தியத்தையும் படமாக வரைந்து வைத்திருக்கிறார். பிற்காலத்து ஜாஸ் இசைக்கு ஒரு வேர் அந்தச் சதுக்கத்திலிருக்கிறது. அமெரிக்க வெள்ளைக்கார நாட்டுப்புற இசையின் அடையாளம் என்று உலகமே நினைக்கும் பாஞ்சோவும், ஆபிரிக்கர் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த வாத்தியத்தின் வாரிசுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ட்ரினிடாட் தீவின் கதை. அங்கே அடிமைத்தனம் 1838 இல் முற்றாக ஒழிந்தது, ஆனால் 1881 இல் திருவிழா ஊர்வலத்தை அடக்கப் பொலிஸ் வந்து பெருங்கலவரம் நடந்து, அதன் பிறகு மேளத்துக்குத் தடை விழுந்தது. சனம் மூங்கிலை வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தரையில் குத்தி அடித்தார்கள். மூங்கிலுக்கும் இடைஞ்சல் வந்தபோது, 1930களில், பிஸ்கற் டின், பெயின்ற் டின், வாகன உதிரி என்று தகரத்துக்கு வந்தார்கள். அடிக்க அடிக்கத் தகரம் பள்ளம் விழ, ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு சுரம் தருவதைப் பையன்கள் கண்டுபிடித்தார்கள். கடைசியில் எண்ணெய் பீப்பாய். அந்த ஸ்டீல்பான் 1992 இல் நாட்டின் தேசிய வாத்தியமாக அறிவிக்கப்பட்டது. எந்தச் சுரத்தையும் அதில் வாசிக்கலாம். அதைச் செய்தவர்கள் சேரிப் பையன்கள், அன்றைக்கு அவர்களைப் பெரிய இடத்து ஆட்கள் ரவுடிகள் என்றார்கள்.

கேள்வி: அடிமைகள் கத்தோலிக்கப் புனிதர்களின் படத்தை வைத்துக்கொண்டு உள்ளே தங்கள் தெய்வத்தைக் கும்பிட்டார்களாம். மடுத் திருவிழாவுக்கு எங்கள் சைவச் சனமும் போகிறது, அது மனமார்ந்த பக்தி. அவர்களுடையது வெறும் வேசம் அல்லவா? (வாசகர், மாங்குளம்)

பதில்: தொடக்கத்தில் மறைப்பு இருந்தது உண்மை. கியூபாவில் இடிக்குரிய சங்கோ தெய்வத்துக்குப் பதிலாகப் புனித பார்பராவின் சுரூபத்தை வைத்தார்கள். சங்கோ ஆண், பார்பரா பெண், ஆனால் அவளைக் கொன்ற தகப்பனை இடி தாக்கியது என்பது கத்தோலிக்கக் கதை, அவள் உடுப்பு சிவப்பு, கையில் வாள். பிரேசிலில், சல்வடோர் நகரம் இருக்கும் பகியா மாநிலத்தில், அதே பார்பரா புயல் தெய்வமான இயான்சாவுக்கு நிற்கிறாள். யாரும் சட்டப் புத்தகம் எழுதிவைத்து இதைச் செய்யவில்லை பாருங்கள், ஒவ்வொரு ஊரிலும் படத்தைக் கண்ணால் உற்றுப் பார்த்து, அதில் யாரைக் காணமுடிகிறது என்று தாங்களே தீர்மானித்திருக்கிறார்கள். இதற்கு உதவியதும் தேவாலயத்தின் ஏற்பாடுதான். கியூபாவில் ஒவ்வொரு ஆபிரிக்க இனத்தவருக்கும் தனித்தனிச் சகாயச் சங்கம் வைக்க அனுமதி இருந்தது. வெளியே புனிதரின் திருவிழா, செத்தவருக்குச் செலவு, உறுப்பினரை மீட்கக் காசு. உள்ளே மொழியும் மேளமும் தெய்வமும்.

ஆனால் முந்நூறு வருசம் ஒரு படத்துக்கு முன் முழங்காலிட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது வேசமாக மட்டும் இருக்கமுடியுமா? பலர் இரண்டையும் மனமாரவே கும்பிட்டார்கள், இன்றும் கும்பிடுகிறார்கள். பகியாவில் இந்த ஆபிரிக்கத் தெய்வங்களைக் கும்பிடும் வழிபாட்டு வீடுகளுக்கு 1976 வரை பொலிஸ் அனுமதி எடுக்கவேண்டியிருந்தது, அவ்வளவு கிட்டிய காலம் வரை! அது நீங்கியபின் 1983 இல் சல்வடோரின் பெயர்பெற்ற பெண் குருமார், ஒக்சோசி தெய்வத்தின் பெயரால் அழைக்கப்பட்ட ‘ஒக்சோசியின் ஸ்டெல்லா’ அம்மையார் உட்பட, ஓர் அறிக்கை விட்டார்கள்: எங்கள் தெய்வங்கள் புனிதர்களின் மறுபெயர்கள் அல்ல, இது தனி மதம், இனி மறைப்புத் தேவையில்லை என்று. எல்லா வீடுகளும் அதை ஏற்கவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் விளங்குகிறது, ஆனால் ‘வேசம்’ என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது.

புரட்டஸ்தாந்து நாடான ஐக்கிய அமெரிக்காவில் சுரூபம் இல்லை, ஒளிக்கவும் இடமில்லை. அங்கே வழிபாட்டின் உடலசைவு தப்பியது. வட்டமாக, வலமிருந்து இடமாகச் சுற்றி, பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்வார்கள். காலுக்குக் கால் குறுக்கே போட்டால் அது ஆட்டம், ஆட்டம் பாவம் என்று சபை சொன்னது. போடாவிட்டால் அது செபம். ஒருவர் தும்புத்தடிப் பிடியால் மரத்தரையில் தாளம் குத்துவார், ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஜோர்ஜியாவின் மக்கின்டொஷ் மாவட்டத்தில் இது இன்றும் உயிரோடு இருக்கிறது. இரவில் காட்டுக்குள் இரகசியமாகக் கூடியபோது, ஓர் இரும்புப் பானையைக் கவிழ்த்து வைத்தால் அது சத்தத்தை விழுங்கிவிடும் என்று நம்பியதாக, 1930களில் பேட்டி கொடுத்த பழைய அடிமைகள் பலர் வெவ்வேறு மாநிலங்களிலிருந்து ஒரே மாதிரிச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: தலைப்பின்னலில் தப்பிப்போகும் வழியைப் படமாகப் பின்னினார்கள் என்று வட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா சேர்? (வவுனியா)

பதில்: கொலம்பியாவில் தப்பியோடியவர்கள் அமைத்த சான் பசீலியோ தெ பாலெங்கே என்ற ஊரில் பெண்கள் தலைமுறையாக இப்படிச் சொல்கிறார்கள். அக்காலத்து எழுத்துச் சான்று கிடைத்ததில்லை. அமெரிக்காவில் தைத்த போர்வைகளில் இரகசியக் குறிப்பு இருந்தது என்று இன்னொன்று சுற்றுகிறது, அதை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. பாலெங்கேயின் மொழியையும் சாவீட்டுப் பாடல்களையும் பற்றி நிறையச் சான்று இருக்கிறது, அதையும் யாராவது வட்ஸ்அப்பில் அனுப்பினால் நல்லது.

கேள்வி: பிரித்து விற்கப்பட்ட தாயும் பிள்ளையும் பிறகு ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்களா? (ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. தேவையும் இல்லை.

தேடினார்கள். 1865 இல் அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்ததும் அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று தேடுவதுதான். நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். பத்திரிகைகளில் விளம்பரம் போட்டார்கள். நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு மெதடிஸ்ற் சபைப் பத்திரிகை 1879 இல் ‘தொலைந்த உறவுகள்’ என்ற பொருளில் ஒரு பகுதியையே தொடங்கியது. ஒரு விளம்பரத்துக்கு 50 சதம், சந்தாதாரருக்கு இலவசம். போதகர்கள் அதை ஞாயிறு ஆராதனையில் உரத்து வாசிக்கவேண்டும் என்று பத்திரிகை கேட்டுக்கொண்டது, ஏனென்றால் பலருக்கு வாசிக்கத் தெரியாது. அம்மாவின் பெயர் இது, எங்களை வைத்திருந்தவன் பெயர் இது, என்னை இன்னாருக்கு விற்றபோது நான் சின்னப் பிள்ளை, தம்பி ஒருவன் இருந்தான். இந்த மாதிரியான வரிகள், வாரத்துக்கு வாரம். 1900க்குப் பிறகும், அடிமைத்தனம் முடிந்து ஒரு தலைமுறைக்கு மேல் கடந்தும், அவை வந்துகொண்டேயிருந்தன. கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் கண்டுபிடிக்கவில்லை, அதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் பெயரை அச்சில் போடுவதை அவர்கள் நிறுத்தவில்லை. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு இருக்கத் தொடங்கிய தாய்மாருக்கு அது ஏன் என்று தெரியும்.

கண்டுபிடித்த ஒரு கதையையும் சொல்கிறேன், அது வேறு வகை. லொரன்சோ டோ டேர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஜோர்ஜியா, கரோலினாக் கரையோரத் தீவுகளில் அலைந்தார். அங்கே பேசும் குல்லா மொழியைப் படித்தவர்கள் கொச்சை ஆங்கிலம் என்று தள்ளியிருந்தார்கள். அவர் ஆயிரக்கணக்கான ஆபிரிக்கச் சொற்களையும் பெயர்களையும் அதில் கண்டு, 1949 இல் நூலாக்கினார். ஹாரிஸ் நெக் என்ற ஊரில் அமீலியா டோலி என்ற பெண் அவருக்கு ஐந்து வரிப் பாட்டு ஒன்றைப் பாடினார். அவருடைய பாட்டி சொல்லிக்கொடுத்தது. பொருள் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் ஆடுவதற்கான பாட்டாக அது வீட்டில் இருந்தது. சியரா லியோனின் மெண்டே மொழி என்று பிறகு தெரியவந்தது.

ஏறத்தாழ அறுபது வருசம் கழித்து ஜோசப் ஒப்பாலா என்ற மானிடவியலாளரும், சிந்தியா ஷ்மிட் என்ற இசை ஆய்வாளரும், தஸீப் கொரோமா என்ற மெண்டே மொழியறிஞரும் அந்தப் பாட்டைத் தேடிப் போனார்கள். செனெகுன் ங்கோலா என்ற சிற்றூரில் பெந்து ஜபாட்டி என்ற பெண் அதைக் கேட்டதும் தானும் கூடப் பாடினார். அங்கே அது சாவீட்டுப் பாட்டு, கல்லறையடியில் பெண்கள் பாடுவது: எல்லோரும் கூடுங்கள், இறந்தவர் இன்னும் அமைதியடையவில்லை என்ற கருத்து வரும். ஊரில் அந்தச் சடங்கு எப்போதோ விடப்பட்டுவிட்டது. ஆனால் பெந்துவின் பாட்டி, இந்தப் பாட்டை மறக்காதே, பிரிந்துபோன நம் ஆட்களை ஒருநாள் இதை வைத்துத்தான் அடையாளம் காண்பாய் என்று சொல்லியிருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் சொல்லை வைத்திருந்தார்கள், பொருள் போய்விட்டது. இந்தப் பக்கம் பொருளை வைத்திருந்தார்கள், சடங்கு போய்விட்டது. 1997 இல், சியரா லியோனின் உள்நாட்டுப் போர் சற்று ஓய்ந்திருந்த வேளையில், அமீலியாவின் மகள் மேரி மொரன் குடும்பத்தோடு அந்த ஊருக்குப் போனார். ஊரே கூடியது. இரண்டு பெண்களும் சேர்ந்து பாடினார்கள்.

அந்த மேரி மொரன் பிறந்த ஹாரிஸ் நெக் ஊரை 1942 இல் அமெரிக்க அரசு இராணுவ விமானத்தளத்துக்காக எடுத்துக்கொண்டது. அடிமைத்தனம் முடிந்தபின் அவர்கள் சொந்தமாக்கிக்கொண்ட காணிகள். வெளியேறக் கொடுத்தது ஏறத்தாழ இரண்டு கிழமை. போர் முடிந்தும் காணி திரும்பவில்லை, 1962 இல் வனவிலங்குச் சரணாலயமாக்கினார்கள். சனம் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இராணுவம் எடுத்த காணியைக் கேட்டுப் போராடிய கேப்பாப்புலவு வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கேள்வி: நம் நாட்டிலும் ஆபிரிக்க வழிவந்தவர்கள் இருக்கிறார்களா? (செட்டிகுளம்)

பதில்: இருக்கிறார்கள், உங்களுக்கு அவ்வளவு தூரத்திலும் இல்லை. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடி என்ற ஊர். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து ஆங்கிலேயர் காலம்வரை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் பிள்ளைகள். இன்று சிங்களமும் தமிழும் பேசுகிறார்கள். போர்த்துக்கேயம் கலந்த அவர்களுடைய பழைய மொழி அன்றாடப் பேச்சிலிருந்து போய்விட்டது, ‘மஞ்ஞா’ என்ற பாடல்களில் இருக்கிறது. சிரட்டை, போத்தல், கரண்டி, மேளம் வைத்துப் பாடுவார்கள். மெதுவாகத் தொடங்கி வரவர வேகம் கூடும். நாம் கலியாண வீட்டில் ஆடுகிற பைலாவிலும் அவர்களுடைய தாளத்துக்குப் பங்கு உண்டு.

தப்பியோடியவர்களின் ஊர்கள் பற்றியும், பிரேசிலில் 17 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி தாக்குப்பிடித்த அப்படியான குடியிருப்பான பல்மாரெஸ் பற்றியும் நெடுங்கேணி, துணுக்காய் வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். பக்கம் போதவில்லை, அடுத்த இதழில் காணி உறுதிக் கேள்விகளோடு சேர்த்து எழுதுகிறேன். கடிதம் போடுகிறவர்கள் ஊரையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.